விளிம்பில் இருந்த எண்கள்

"இதுலேர்ந்து எதையாவது மீட்டு எடுக்க முடியுமா சார்?"

வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே, நறுக்கி அடுக்கிய ஃபிலிம் துண்டுகள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. படம் என்று சொல்ல அதில் ஒரு நிழல்கூட இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் ஸ்டெனோ என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி வாழ்க்கையைக் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியே கழித்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓர் அச்சகத்தின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அடுத்தவர் பேசுவதைக் கேட்டே பழகியவர் என்பதால் தான் பேசுவதில் மகா கஞ்சம். அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவள் போல அவருக்கு ஓர் உதவியாளர். அவளுக்கு ரேடியோ என்ற பெயரை வைத்ததும் அவர்தான். அவளை அணைக்கும் பித்தானை மட்டும் அவரால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த வழக்கைக் கொண்டு வந்தவளும் ரேடியோதான். வந்தவள் அவளுக்குப் பழக்கமானவள், வீடு நாலு பஸ் நிறுத்தம் தள்ளி. சட்டை தைக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பித்தான் துளை போடும் காஜா மிஷினில் வேலை. அதனால் காஜாக்காரி.

"முழுசா சொல்லும்மா" என்றார் ஸ்டெனோ.

காஜாக்காரி சொன்னாள். போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். பின்பக்கம் இருந்தவள் ஒருத்தி மட்டும் வெளியே வரவில்லை. அவள் காஜாக்காரியின் நாத்தனார், புருஷனின் ஒரே தங்கை. பின்கதவு எப்போதும் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் இருக்கும். ஆனால் முதலாளி, அந்தக் கதவு ஒரு நாளும் பூட்டப்பட்டதே இல்லை என்கிறார். தீ அணைந்த கையோடு பழைய கதவைக் கழற்றிப் புதுக்கதவு மாட்டியாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

"ஆனா நான் படம் எடுத்து வச்சிருந்தேன் சார். தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே. கதவு பத்திப் புகார் கொடுக்கலாம்னு நானும் நாத்தனாரும் பேசிட்டிருந்தோம். உள்ள போறப்போ கேட்டுலயே போனை வாங்கி வச்சிடுவாங்க. பழைய ஃபிலிம் கேமராவை யாரு தேடப் போறா? சாப்பாட்டுப் பைக்கு அடியில வச்சுக் கொண்டு போனேன்."

"ஃபிலிம் கேமரா உங்களுக்கு எப்படி?"

"அது நம்ம உபயம்" என்று குறுக்கே பாய்ந்தாள் ரேடியோ. "என் தம்பி இருக்கானே, வீட்டு பாத்ரூமையே லேப் ஆக்கி வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை குளிக்கப் போனா தொட்டியில அவன் தொங்கவிட்ட நெகட்டிவ்தான் குளிச்சிட்டிருக்கும். நான்தான் இவளை அவன்கிட்ட அனுப்பினேன். ஃபிலிம் கழுவறது, காய வைக்கறது, கம்ப்யூட்டர்ல ஏத்தறது எல்லாம் நாலு வாரத்துல கத்துக்கிட்டா."

"வெளியில கழுவக் கொடுக்கலையா?"

"இருக்கற ஒரே ஸ்டூடியோக்காரர் முதலாளியோட சிநேகிதர் சார்" என்றாள் காஜாக்காரி. "அதான் நானே கழுவலாம்னு. ஆனா ரோல் கேமராவுக்குள்ள சிக்கிக்கிச்சு. பின்னாடி சுத்த மாட்டேங்குது. இழுத்தா கிழிஞ்சிடுமோன்னு பயந்து, கேமராவை அக்காகிட்ட கொடுத்து அவங்க தம்பிக்கு அனுப்பினேன். அவர் கை மட்டும் நுழையற கறுப்புப் பைக்குள்ள வச்சுக் கேமராவைத் திறந்து, ஃபிலிமை எடுத்து, கழுவறதுக்குன்னு இருக்கற பிளாஸ்க் மாதிரி டேங்க்குக்குள்ள சுத்தி, வெளிச்சம் படாம மூடிக் கொடுத்துட்டார். 'நான் கழுவினா நாளைக்கு ஏதாவது செஞ்சேன்னு சொல்லுவாங்க, நீங்களே மருந்தை ஊத்துங்க'ன்னு சொல்லி விட்டார். நான் ஊத்தினேன். முதல்ல படத்தை வெளிய கொண்டு வர்ற டெவலப்பர், அப்பறம் அதை நிலைக்க வைக்கற ஃபிக்ஸர், அப்பறம் தண்ணி. எல்லாம் சொன்ன மாதிரிதான் செஞ்சேன். திறந்து பார்த்தா இப்படி."

அவள் உறையைத் தள்ளி வைத்தாள். "எல்லாரும் நான் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதே இல்ல. நாளைக்கு அதிகாரி முன்னாடி தீ விபத்து விசாரணை. அங்க போய் என்ன காட்டுவேன்?"

ஸ்டெனோ துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தார். படம் இருக்க வேண்டிய நடுப்பகுதியை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தை மட்டும், துளை போட்ட விளிம்பை மட்டும், எறும்பு ஊர்வதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போனார்.

"சார், படம் நடுவுல வரும்" என்றாள் ரேடியோ.

"நீங்க வாங்கின ரோல் எத்தனை படம் எடுக்கறது?"

"இருபத்திநாலு சார். அதுதான் கையைக் கடிக்காது."

"இங்க வந்து பாருங்க."

விளிம்பில், துளைகளுக்குப் பக்கத்தில், சின்னதாகக் கறுப்பு எண்கள் இருந்தன. கடைசித் துண்டில் அந்த எண்கள் முப்பத்தி நான்கு, முப்பத்தி ஐந்து, முப்பத்தி ஆறு என்று போய் முடிந்தன.

"கோர்ட்டுல ஒரு போட்டோகிராபரை வக்கீல் ஒரு நாள் பூரா இந்த நம்பரை வச்சே வறுத்தெடுத்தார்" என்றார் ஸ்டெனோ. "இது கம்பெனியில அச்சடிச்ச மையி இல்லம்மா. வெளிச்சத்தால பதிச்சு அனுப்பறது. டெவலப்பர் வேலை செஞ்சாத்தான் இது வெளிய வரும். நீங்க மருந்தை மாத்தி ஊத்தியிருந்தா படம் மட்டுமில்ல, இந்த நம்பரும் வந்திருக்காது."

காஜாக்காரிக்கு உடனே புரியவில்லை. "அப்படின்னா?"

"நீங்க சரியாத்தான் கழுவியிருக்கீங்க. இது உங்க ரோல் இல்ல. கேமராவையே பார்க்காத புது ரோல்."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளாகத் தன் கையையே நொந்துகொண்டிருந்தவள், அந்தக் கையை இப்போது திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் ஒரு முறை பெரிதாக வந்து போனது.

* * *

படியிறங்கும்போதே ரேடியோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"புருஷன்தான் சார்."

"ஏன்?"

"டேங்க்கை நான்தான் பஸ்ல மடியில வச்சு, கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி கொண்டு போனேன். பக்கத்துல இருந்த அம்மா 'பிளாஸ்க்ல என்ன, காப்பியா'ன்னு கேட்டாங்க. 'சாட்சி'ன்னு சொன்னேன், அப்பறம் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போய்ட்டாங்க. வீட்டுல இவ இல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தா. புருஷன்தான் வாங்கி வச்சார். சாயந்திரம் வரைக்கும் டேங்க் அவர்கிட்டதான். அதுக்கும் மேல, ஒர்க்‌ஷாப் மேனேஜரோட அவர் அங்க வாசல்ல நின்னு பேசினதைத் தெருவே பார்த்திருக்கு."

"உங்க தம்பிகிட்டயும் இருந்துதே."

"அவனா? ஃபிலிம் துண்டு கீழ விழுந்தா 'மிதிக்காத'ன்னு என்கிட்ட கத்துவான், அக்கா விழுந்தா பார்த்துப் போன்னு மட்டும் சொல்லுவான். அவன் போய் ஒரு ரோலைக் கெடுப்பானா?" என்று சிரித்தாள் ரேடியோ.

ஸ்டெனோ சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிப்பதில்லை என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காஜாக்காரியின் புருஷன் வேன் ஓட்டுகிறவர். வண்டிகள் நிற்கும் திடலில், தன் வேனின் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். மரியாதைக்காக எழுந்த மாதிரியும் இருந்தது, சண்டைக்கு எழுந்த மாதிரியும் இருந்தது.

"டேங்க் உங்ககிட்ட இருந்தப்போ அதைத் திறந்தீங்களா?" என்று கேட்டார் ஸ்டெனோ.

"திருகிப் பார்த்தேன்" என்றார் டிரைவர்.

ரேடியோவின் முழங்கை ஸ்டெனோவின் விலாவில் இடித்தது.

"அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க. மூடி வரல. அப்பறம் வெளிச்சம் பட்டா போச்சுன்னு அவ சொன்னது ஞாபகம் வந்துது. வச்சுட்டேன்."

"திறந்துதான் கெடுத்திருக்கார் சார், மூடி வரலைன்னு சும்மா சொல்றார்" என்று காதைக் கடித்தாள் ரேடியோ.

ஸ்டெனோ குரலைத் தாழ்த்தவே இல்லை. "திறந்திருந்தா ரோல் பூரா வெளிச்சம் பட்டுக் கழுவினப்பறம் கரியா வந்திருக்கும். தெரியாதவன் கெடுத்தா கறுப்பாப் போகும் ரேடியோ. இது வெளுத்துப் போயிருக்கு. நல்லாத் தெரிஞ்ச ஆள் செஞ்சது."

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் டிரைவரைப் பார்த்து, "மேனேஜரோட என்ன பேச்சு?" என்றார்.

டிரைவர் வேனின் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தங்கச்சியோட பை அங்கயே இருந்துது. கேட்டு வாங்கப் போனேன். பையைக் கொடுத்துட்டு அந்த ஆள் சிரிக்கறான். 'உன் பொண்டாட்டி ஏதோ கதவைப் படம் எடுத்தாளாமே, பூட்டு இடது பக்கம் தொங்கற மாதிரி. எங்க பழைய கதவுல கொண்டி வலது பக்கம்யா. எந்த வீட்டுக் கதவை எடுத்துட்டு வந்து எங்க தலையில கட்டப் பார்க்கறா? விசாரணைக்குக் கொண்டு வரச் சொல்லு, எல்லாரும் சிரிக்கட்டும்'னான். நான் என்ன நினைப்பேன் சொல்லுங்க. செத்தது என் தங்கச்சி. அதை வச்சு இவ பொய்ப் படம் காட்டப் போறாளோன்னு மனசு விட்டுப் போச்சு. அப்பறம் ஃபிலிம் காலின்னு வந்தா. சரி, அப்போ அதுவும் நாடகம்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

"அவங்ககிட்ட இதைக் கேட்டீங்களா?"

"கேட்க வாய் வரல."

ஸ்டெனோ ரேடியோவிடம் கையை நீட்டினார். அவள் காஜாக்காரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தாள்.

"பூட்டு கதவுக்கு எந்தப் பக்கம்மா தொங்கிச்சு?"

"வலது பக்கம் சார். கதவுக்கு நேரா நின்னா நம்ம வலது கை."

"யார்கிட்டயாவது இடதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"எந்தப் பக்கம்னே நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே சார். இப்போ நீங்கதான் கேக்கறீங்க."

டிரைவரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்போ அவன் ஏன் இடதுன்னு சொன்னான்?"

"படத்தைப் பார்த்திருக்கான். அதனாலதான்" என்றார் ஸ்டெனோ. "உங்க வீட்டம்மா எடுத்த படம் நல்லாவே விழுந்திருக்கு. அதை யாரோ கழுவி, ஸ்கேன் பண்ணி, அவனுக்குக் காட்டியும் இருக்காங்க. நெகட்டிவுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. அவசரத்துல மாத்தி வச்சு ஸ்கேன் பண்ணா, கண்ணாடியில பார்க்கற மாதிரி இடது வலதா, வலது இடதா விழும். எழுத்து ஏதாவது இருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். வெறும் கதவு, வெறும் சங்கிலி. செஞ்சவனுக்கும் தெரியல, பார்த்தவனுக்கும் தெரியல."

டிரைவர் அதற்கப்புறம் அங்கே நிற்கவில்லை. வேனின் பின்கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ரேடியோ இந்நேரம் "வண்டியையாவது எடுத்துட்டுப் போங்க" என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவளுக்குத் தன் படம் ஒன்று நினைவுக்கு வந்தது.

அவள் வீட்டுக் கூடத்தில் அவள் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. தம்பி ஃபிலிமில் எடுத்து, தானே கழுவி, தானே ஸ்கேன் செய்து, சட்டம் போட்டு அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. அவளுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம். படத்தில் அது இடது கன்னத்தில் இருக்கும். "என் மச்சத்தை எங்கடா கொண்டு போய் வச்சிருக்க" என்று கேட்டதற்கு, "நெகட்டிவைத் திருப்பி வச்சுட்டேன்க்கா, எனக்கு எப்பவும் வர்ற வியாதி" என்று சொல்லித் தலையைச் சொறிந்தான். அந்தப் படத்தைக் காட்டி வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் அவள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஸ்டெனோவிடமும் சொல்லியிருக்கிறாள்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே தெரியுமா சார்?"

"சந்தேகம்தான் இருந்துது. நீங்களா வந்து சேரட்டும்னு பார்த்தேன்."

"நான் வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம் சார். அவன் என் தம்பி."

* * *

தம்பியின் அறை வீட்டின் பின்பக்கம். ஒரு பக்கம் கயிற்றில் நெகட்டிவ்கள் கிளிப் போட்டுத் தொங்கின. மேசையில் வெள்ளை வெளிச்சம் தரும் மெல்லிய பலகை, அதற்கு நேர்மேலே குனிந்து பார்க்கும்படி நிறுத்தி வைத்த டிஜிட்டல் கேமரா. பலகைமேல் நெகட்டிவை வைத்து மேலிருந்து படம் பிடித்தால் அதுதான் அவனுடைய ஸ்கேன். முதன்முதலில் அவன் இதைச் செய்து காட்டியபோது, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் திரும்பி ஒரு முகம் திரையில் எழுந்ததைப் பார்த்து அவள் கை தட்டியிருக்கிறாள்.

"வாக்கா, சீக்கிரம் வந்துட்ட" என்றான் தம்பி.

ரேடியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டாள்.

"அந்தக் காஜாப் பொண்ணோட ஃபிலிம் காலியா வந்துடுச்சே, ஏன்டா?"

"மருந்தை மாத்தி ஊத்தியிருப்பா. டெவலப்பருக்கு முன்னாடி ஃபிக்ஸர் போனா எல்லாம் கரைஞ்சு போயிடும். புதுசா கழுவறவங்க பண்ற தப்புதான், பாவம்."

"மாத்தி ஊத்தினா ஓரத்துல நம்பர் வருமா?"

அவன் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"எந்த நம்பர்?"

"முப்பத்தாறு. அவ வாங்கினது இருபத்திநாலு."

 தம்பி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். மறுக்கலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்ததும், வேண்டாம் என்று விட்டதும் அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"யார் சொன்னா?"

"நீதான். என் மச்சத்தை எடுத்து இந்தப் பக்கம் வச்சியே. அதே மாதிரி அந்தப் பூட்டையும் மாத்தி வச்சு மேனேஜருக்குக் காட்டியிருக்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மாட்டிக்கொண்டதைவிட, படத்தைத் திருப்பி வைத்துவிட்டோமே என்பதுதான் அவனை முதலில் குத்தியது போல இருந்தது. அதைப் பார்த்ததும்தான் ரேடியோவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"ஏன்டா?"

"அந்த முதலாளியோட சட்டை கேட்லாக்குக்குப் படம் பூரா நான்தான் எடுக்கறேன். யாருக்குன்னு உன்கிட்ட சொன்னதில்ல. அந்த வேலை போனா எனக்கு வேற என்ன இருக்கு? புதுக் கட்டடத்துல கீழ்த்தளத்துல எனக்கு ஸ்டூடியோ போட்டுத் தர்றேன்னு முதலாளி சொல்லியிருந்தார். கேமரா என் கைக்கு வந்தப்போ சும்மா கழுவிப் பார்த்தேன். கதவு தெளிவா விழுந்திருந்துது. இது என் மூலமா வெளிய போனா நான் காலின்னு தோணிச்சு. கையில இருந்த புது ரோலைச் சுத்தி டேங்க்குல போட்டேன்."

"அவளையே மருந்து ஊத்தச் சொன்னது?"

அவன் நாற்காலியைப் பாதி திருப்பிக்கொண்டான்.

"பழி அவ மேல விழட்டும்னு."

"புதுசா செய்யறவ. தப்பு நடக்கறது சகஜம்னு எல்லாரும் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"அதுல கதவு இருக்குன்னு உனக்கு முதல்ல யார் சொன்னா? அவ உன்கிட்ட சொல்லலையே. கேமராவைச் சரி பண்ணிக் கொடுன்னு மட்டும்தான் கேட்டா."

"நீதான்க்கா. சாப்பிடறப்போ."

உண்மைதான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று காஜாக்காரி கேட்டுக்கொண்டதைத் தம்பியிடம் சொல்வது வெளியாரிடம் சொல்வதில் சேராது என்று நினைத்துச் சொன்னாள். அம்மா போனதிலிருந்து அவன் சாப்பிட்டானா என்று பார்க்காமல் அவள் சாப்பிட்டதில்லை. அப்படிச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தான் சொன்னாள்.

"டேங்க்கை என்கிட்ட கொடுத்து அனுப்பினியே. நீயே கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே."

"நீ கொண்டு போனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவன் அதை ஒரு பாராட்டு போலச் சொன்னான். சமாதானம் சொல்லும் குரலில், அக்காவின் நல்ல பெயரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வது போல. ரேடியோ பஸ்ஸில் அந்த டேங்க்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனதை நினைத்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்தது ஒன்றுமே இல்லை.

"நெகட்டிவ் எங்க?"

"எரிச்சுட்டேன்."

சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். பொய் சொன்னால் கண் ஒரு தரம் ஒளித்து வைத்த இடத்துக்குப் போய்விட்டு வரும். அவன் கண் மேசைமேல் இருந்த வெளிச்சப் பலகைக்குப் போய்விட்டு வந்தது.

ரேடியோ எழுந்து பலகையைத் தூக்கினாள். கீழே ஓர் ஒளிபுகும் உறை, அதற்குள் நான்கு துண்டுகள். விளக்கை நோக்கிப் பிடித்தாள். முழுக்கவும் படங்கள்.

"அக்கா, அதை அவங்களுக்கு நான் இன்னும் கொடுக்கல. பிரிண்ட் மட்டும்தான் காட்டினேன். ஸ்டூடியோ கைக்கு வந்தப்பறம் கொடுக்கறதா இருந்தேன்." அவன் எழுந்து வாசலை மறித்து நின்றான். "நீ இதை எடுத்துட்டுப் போனா நான் தெருவுல நிப்பேன். உன் சொந்தத் தம்பி. யாரோ ஒருத்திக்காக."

"யாரோ ஒருத்தி இல்ல. அவளை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவ நான். உன்னைக் காட்டி இவன்கிட்ட கத்துக்கோன்னு சொன்னவளும் நான்."

அவன் நகரவில்லை. ரேடியோ கத்தவில்லை, அழவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சிரிப்பு, ஒரு திட்டு, தலையில் ஒரு குட்டு, எதையோ எதிர்பார்த்து அவன் முகம் தவித்தது. எதுவும் வராது என்று தெரிந்தபின் ஒதுங்கி வழிவிட்டான்.

* * *

தெருமுனையில் ஸ்டெனோ நின்றிருந்தார். வரவேண்டாம் என்று சொன்னது பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் பஸ் பிடித்துக் காஜாக்காரி வீட்டுக்குப் போனார்கள்.

கதவைத் திறந்தது டிரைவர். உள்ளே காஜாக்காரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பேசித் தீரவில்லை என்பதும்.

ரேடியோ உறையை நீட்டினாள். காஜாக்காரி அதைப் பிரித்து ஒரு துண்டை விளக்கின் பக்கம் பிடித்தாள். கதவு இருந்தது. சங்கிலி நெகட்டிவில் வெள்ளைக் கோடாக, வளையம் வளையமாக, எண்ணிவிடலாம் போல விழுந்திருந்தது. பூட்டு வலது பக்கம்.

அடுத்த துண்டைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்று கேட்டபடி டிரைவர் பக்கத்தில் வந்தார்.

தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி வெள்ளையாகவும் பல்வரிசை கறுப்பாகவும் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு யாருடையது என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவர் அந்தத் துண்டை வாங்கவில்லை. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு போனார். அந்தக் கையை அதற்கப்புறம் விடவே இல்லை.

"நெகட்டிவை அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றார் ஸ்டெனோ. "ஸ்கேன், பிரிண்ட் எல்லாம் நாளைக்கு அதிகாரி முன்னாடி. யாரும் மாத்திட்டாங்கன்னு சொல்ல இடம் வைக்கக் கூடாது."

காஜாக்காரி தலையாட்டிவிட்டு ரேடியோவைப் பார்த்தாள். "யார்கிட்டக்கா இருந்துது?"

ஸ்டெனோ செருமினார். தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. ரேடியோ அவரை முந்திக்கொண்டாள்.

"என் தம்பிகிட்ட. அவன்தான் மாத்தினான். மாத்தினதைத் தூக்கிட்டு வந்தது நான்."

காஜாக்காரி கையிலிருந்த துண்டை மெல்லத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு அப்போ தெரியுமா?"

"தெரியாது. ஆனா படத்துல என்ன இருக்குன்னு அவன்கிட்ட சொன்னவ நான்தான். நீ வேண்டாம்னு சொல்லியும் சொன்னேன்."

காஜாக்காரி அவளைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதைக் காட்டத் தெம்பு இல்லை. "நம்பறேன்க்கா" என்றாள் கடைசியில். "ஆனா இன்னைக்கு என்னால உங்க முகத்தைப் பார்த்துட்டு உட்கார முடியல. நீங்க போங்க."

ரேடியோ வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். ஸ்டெனோ நாளைய விசாரணை பற்றி உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையில் போன் அதிர்ந்தது. தம்பி. எடுக்காமல் விடலாமா என்று பார்த்தாள். எடுத்தாள்.

"கொடுத்துட்டியாக்கா?"

"கொடுத்துட்டேன்."

"என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

 "வீட்டுக்கு வருவியா?"

"நாளைக்கு விசாரணையில டேங்க்கைக் கொண்டு வந்தது நான்தான்னு முதல் ஆளா நான் பேசப் போறேன்" என்றாள் ரேடியோ. "நீயும் வா. நீயா வந்து நடந்ததைச் சொன்னா உன் பக்கத்துல உட்காருவேன். வரலைன்னா, நான் சொல்றேன். அப்போ உனக்கு எதிர்லதான் உட்காருவேன். ரெண்டுல எதுன்னு காலையில சொல்லு."

அவன் பதில் சொல்லும் வரை அவள் காத்திருக்கவில்லை.